திருச்சி–சிங்கப்பூர் 2,981 கிலோமீட்டர்: இந்த எண் எங்கிருந்து வருகிறது

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று நாலு இடத்தில் பார்த்தால் நாலு எண் கிடைக்கும். 2,979, 2,981, 2,982 என்று அடுத்தடுத்து நிற்கும். வேறு இடத்தில் 1,610 என்றோ 1,852 என்றோ இருக்கும். இவற்றில் எதுவும் பொய்யில்லை. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு, எந்த உருண்டையின் மேல், எந்த அலகில் அளந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். கணக்கு பத்தாம் வகுப்பு முடித்தவர் போடக்கூடியதுதான். சூத்திரத்தில் தப்பு வருவது அபூர்வம், அதற்குள் போடும் எண்ணில்தான் பெரும்பாலும் கோளாறு. அதனால் எண்ணை எங்கே எடுப்பது என்பதிலிருந்தே தொடங்கலாம்.

விமான நிலையம் என்பது பல நூறு ஏக்கர் நிலம். அதற்குள் எந்தப் புள்ளி? முனையக் கட்டடத்தின் வாசல் இல்லை, ஓடுபாதையின் முனையும் இல்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு குறிப்புப் புள்ளி அறிவிக்கப்பட்டிருக்கும். ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டியே அதைக் குறிப்பார்கள். திருச்சியில் 2024 ஜூனில் புதிய முனையம் செயல்பாட்டுக்கு வந்து பயணிகள் வாசல் மாறியது. அதனால் சிங்கப்பூருக்கான தூரம் மாறவில்லை.

இந்தப் புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகையை இந்திய விமான நிலைய ஆணையம் வெளியிடும் வான்வழித் தகவல் தொகுப்பில் பார்க்கலாம். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஏ.டி. 2.2 என்ற பகுதியில் முதல் வரியே அதுதான். 1998 முதல் உலகம் முழுக்க இந்த எண்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற ஒரே அளவைமுறையில்தான் வெளியாக வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. ஜி.பி.எஸ். பயன்படுத்துவதும் அதே முறைதான், ஆகவே கைப்பேசி காட்டும் எண்ணோடு ஒத்துப்போகும். தொகுப்பைத் திறக்கப் பொறுமை இல்லையென்றால் கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, ஓடுபாதையின் நடுவே வலது சொடுக்குப் போடுங்கள். மேலே வரும் இரண்டு எண்கள் போதும்.

இந்தப் பதிவுக்கு எடுத்துக்கொண்டவை இவை:

திருச்சி: வடக்கு 10°45′55″, கிழக்கு 78°42′35″
சிங்கப்பூர் சாங்கி: வடக்கு 1°21′33″, கிழக்கு 103°59′22″
சென்னை: வடக்கு 12°59′40″, கிழக்கு 80°10′50″

முதல் பள்ளம் இங்கேயே இருக்கிறது. 10°45′55″ என்பது 10.4555 இல்லை. நிமிடத்தை 60ஆலும் விநாடியை 3,600ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும்: 10 + 45/60 + 55/3600 = 10.7653. தகவல் தொகுப்பில் டிகிரி, நிமிடம், விநாடி மூன்றையும் இடைவெளி இல்லாமல் 104555 என்று சேர்த்து அச்சிட்டிருப்பதால், முதல் இரண்டு இலக்கத்துக்குப் பிறகு ஒரு புள்ளி வைத்தால் ஆயிற்று என்று தோன்றும். அப்படி வைத்தால் திருச்சி விமான நிலையம் மணப்பாறைக்குத் தெற்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து சென்னைக்குக் கணக்குப் போட்டால் 341 கி.மீ. வரும். சரியான விடை 295. திருச்சி–சென்னை சாலைத் தூரமே சுமார் 330 என்பதால் 341 என்ற எண்ணைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். நம்பும்படியாக வரும் தப்புதான் ஆபத்து.

இரண்டாவது, வரிசை. கூகுள் மேப்ஸ் அட்சரேகையை முதலில் தரும். கே.எம்.எல்., ஜியோஜேசன் என்ற வரைபடத் தரவுக் கோப்புகள் தீர்க்கரேகையை முதலில் எழுதும். ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் அப்படியே ஒட்டினால் திருச்சி 78.7 வடக்கு, 10.8 கிழக்கு ஆகிவிடும். அது ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தை ஒட்டிய இடம். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அங்கேதான் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் உங்கள் விமானம் அங்கிருந்து புறப்படுவதில்லை. சென்னைக்கு இந்தத் தப்பு நடந்தாலும் 80 டிகிரி வடக்கு என்று வரும். 90ஐத் தாண்டாததால் மென்பொருள் எதிர்ப்புக் காட்டாது. சிங்கப்பூருக்கு நடந்தால் 103.99 டிகிரி அட்சரேகை ஆகும், அப்படி ஒன்று கிடையாது என்பதால் உடனே பிடிபடும்.

விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு மூன்றாவது. திருச்சிக்கு டி.ஆர்.இசட்., திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி., திருப்பதிக்கு டி.ஐ.ஆர்., தூத்துக்குடிக்கு டி.சி.ஆர். அவசரத்தில் விரல் தவறினால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போயிற்று. துபாய் என்றால் டி.எக்ஸ்.பி.யா, தெற்கே இருக்கும் டி.டபிள்யூ.சி.யா என்று பாருங்கள். கோலாலம்பூர் என்றால் சிப்பாங்கில் இருக்கும் பெரிய நிலையமா, பழைய சுபாங்கா? ஊரின் பெயரை மட்டும் தட்டினால் பல தளங்கள் நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு அளந்து தரும். சாங்கி சிங்கப்பூர்த் தீவின் கிழக்கு முனையில் இருப்பதால், மேற்கிலிருந்து போகும் நமக்கு அதுவே 15 கி.மீ. போல வித்தியாசம் காட்டும்.

இனி கணக்கு. பூமி உருண்டை என்பதால் இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய பாதை ஒரு பெருவட்டத்தின் துண்டு. உருண்டையின் மையம் வழியாக ஒரு வெட்டுப் போட்டால் மேற்பரப்பில் விழும் வட்டம் அது. துண்டு மையத்தில் உண்டாக்கும் கோணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் தூரம் வந்துவிடும். சாதாரண அறிவியல் கால்குலேட்டருக்கு ஏற்ற வழி இது:

கொசைன்(கோணம்) = சைன்(அட்சம் 1) × சைன்(அட்சம் 2) + கொசைன்(அட்சம் 1) × கொசைன்(அட்சம் 2) × கொசைன்(தீர்க்க வித்தியாசம்)

திருச்சி–சிங்கப்பூருக்குப் போட்டுப் பார்ப்போம். கால்குலேட்டர் டிகிரி முறையில் இருக்கட்டும். தீர்க்க வித்தியாசம் 103.9894 − 78.7097 = 25.2797.

சைன் பெருக்கல்: 0.18679 × 0.02372 = 0.00443
கொசைன் பெருக்கல்: 0.98240 × 0.99972 × 0.90423 = 0.88807
கூட்டினால் 0.89250
இதன் நேர்மாறு கொசைன் 26.81 டிகிரி

இந்த 26.81ஐ 111.195ஆல் பெருக்கினால் 2,981 கி.மீ. சராசரி ஆரம் 6,371 கி.மீ. கொண்ட உருண்டையில் ஒரு டிகிரிக்கு 111.195 கி.மீ. என்பதால் அந்தப் பெருக்கல். கடல் மைலில் வேண்டுமென்றால் பலர் 26.81ஐ 60ஆல் பெருக்கி 1,609 என்பார்கள். அதை 1.852ஆல் பெருக்கினால் 2,979 கி.மீ. தான் வரும். இரண்டு கி.மீ. எங்கே போயிற்று? ஒரு நிமிடக் கோணம் ஒரு கடல் மைல் என்பது தோராயம். கடல் மைல் 1,852 மீட்டர் என்று நிலையாக்கப்பட்டபோது அதற்குப் பொருந்தும் ஆரம் 6,371 இல்லை, 6,367க்குச் சற்றுக் குறைவு. ஆக 2,979, 2,981 சண்டை வெறும் ஆரத்தின் சண்டை.

அலகில் இந்தத் தடத்துக்கென்றே ஒரு வேடிக்கையான தற்செயல் உண்டு. 2,981 கி.மீ. என்பது சாதாரண மைலில் 1,852, கடல் மைலில் 1,610. ஒரு கடல் மைலுக்கு 1,852 மீட்டர், ஒரு சாதாரண மைலுக்கு 1,609 மீட்டர். மாற்றும் எண்ணும் விடையும் ஒரே முகத்தோடு நிற்பதால், எது எது என்று தாளில் எழுதிவைக்காமல் போட்டால் குழம்பாமல் இருக்க முடியாது.

மேலே சொன்ன கொசைன் முறைக்கு ஒரு பலவீனம் இருக்கிறது: கிட்டத்தில் இருக்கும் இடங்களுக்குச் சொதப்பும். சிறிய கோணத்தின் கொசைன் 1ஐ ஒட்டியே நிற்கும், விவரமெல்லாம் கடைசி இலக்கங்களில் ஒளிந்திருக்கும். திருச்சி–சென்னைக்குச் சரியான கொசைன் 0.998928. நாலு இலக்கத்தோடு நிறுத்தி 0.9989 என்று எழுதினால் விடை 299 கி.மீ. மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால் 285. இடையில் எழுதி எழுதிப் போடாமல், கால்குலேட்டரின் நினைவிலேயே முழு எண்ணையும் வைத்துக்கொண்டு போனால் இந்தத் தொல்லை இல்லை.

எக்செல், கூகுள் ஷீட்ஸ் போன்ற விரிதாளில் போடுவதானால் ஹாவர்சைன் முறையே நல்லது. அரை வித்தியாசங்களை எடுப்பதால் கிட்டத்து இடங்களிலும் துல்லியம் போகாது.

அ = சைன்²(அட்ச வித்தியாசம் ÷ 2) + கொசைன்(அட்சம் 1) × கொசைன்(அட்சம் 2) × சைன்²(தீர்க்க வித்தியாசம் ÷ 2)
தூரம் = 2 × 6,371 × நேர்மாறு சைன்(√அ)

சிங்கப்பூருக்கு அ = 0.00672 + 0.04703 = 0.05375. வர்க்கமூலம் 0.23184. மீதியைப் போட்டால் அதே 2,981. விரிதாள் கோணத்தை ரேடியன் என்ற இன்னோர் அலகில்தான் எதிர்பார்க்கும். டிகிரியை அப்படியே கொடுத்தால் பிழை என்று சொல்லாது, ஏதோ ஓர் எண்ணைத் தந்துவிடும். எல்லாக் கோணத்தையும் முதலில் தனிப் பத்தியில் ரேடியனாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தீர்க்கரேகைக்கும் தெற்கு அட்சரேகைக்கும் கழித்தல் குறி வேண்டும். நிரல் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று: இரண்டு எண் வாங்கும் நேர்மாறு டேன் சார்பு பெரும்பாலான நிரல் மொழிகளில் ஒய் முதலில், எக்ஸ் அடுத்து என்று வாங்கும். எக்செலில் எக்ஸ் முதலில். வேறொருவர் எழுதிய நிரலைப் பார்த்து விரிதாளில் போடும்போது இங்கேதான் சறுக்குகிறது.

தட்டையான வரைபடம் போல நினைத்து பிதாகரஸ் போடலாமா? நம் பக்கத்தில் ஓரளவு தப்பிக்கலாம். டெல்டா இருக்கும் 11 டிகிரி அட்சத்தில் ஒரு டிகிரி தீர்க்கம் சுமார் 109 கி.மீ., ஒரு டிகிரி அட்சம் 111 கி.மீ. பெரிய வித்தியாசம் இல்லை. சிங்கப்பூருக்கு பிதாகரஸ் போட்டால் 2,999 வரும், 18 கி.மீ. தான் அதிகம். அதே தைரியத்தில் சென்னை–லண்டன் ஹீத்ரோவுக்குப் போட்டால் 9,935 வரும். சரியான விடை 8,235. நடு அட்சத்தின் கொசைனால் தீர்க்க வித்தியாசத்தைச் சுருக்கிப் போட்டாலும் 8,709க்குத்தான் இறங்கும். நிலநடுக்கோட்டருகே பலித்த குறுக்குவழி வடக்கே போகப் போகப் பலிக்காது.

பூமி சரியான உருண்டையும் இல்லை, துருவத்தில் சற்றுத் தட்டை. அந்த வடிவத்தைத் துல்லியமாக அளக்க நடந்த பெரிய முயற்சியில் ஒரு பங்கு தஞ்சாவூருக்கு உண்டு. வில்லியம் லாம்ப்டன் 1802இல் சென்னையில் தொடங்கிய முக்கோண நில அளவை 1808இல் டெல்டாவுக்கு வந்தபோது, குன்றே இல்லாத தட்டை நிலத்தில் தூரத்தைப் பார்க்க உயரம் கிடைக்கவில்லை. பெரிய கோயில் விமானத்தின் மேல் கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு விட்டுக் கருவி மோதிச் சேதமானது. அதை லாம்ப்டனே உட்கார்ந்து சரிசெய்தார். இன்றைக்குத் தட்டையைக் கணக்கில் சேர்க்க வின்சென்டி 1975இல் வெளியிட்ட சூத்திரம் போல ஒன்று போதும், மென்பொருளே போட்டுவிடும். திருச்சி–சிங்கப்பூருக்கு அது ஒரு கி.மீ. கூட்டி 2,982 ஆக்கும். திருச்சி–சென்னைக்கு ஒரு கி.மீ. குறைத்து 294 ஆக்கும். கிழக்கு மேற்காகப் போனால் கூடுவதும் வடக்கு தெற்காகப் போனால் குறைவதும் அந்தத் தட்டையால்தான். பயணத்துக்கு இது தேவையே இல்லை.

திருச்சி–சிங்கப்பூர் பெருவட்டக் கோடு திருச்சியிலிருந்து, வடக்கிலிருந்து வலப்பக்கமாக எண்ணினால், ஏறத்தாழ 109 டிகிரித் திசையில் புறப்படுகிறது. பட்டுக்கோட்டைக்கு வடக்கே, திருத்துறைப்பூண்டிக்குச் சற்றுத் தெற்கே போய், வேதாரண்யத்தை ஒட்டிக் கடலில் இறங்கும். விமானம் அப்படியே அந்தக் கோட்டில் போகாது. திருச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காக, 09/27. காற்றைப் பார்த்து மேற்கு நோக்கி ஏறினால் திரும்பி வர வேண்டும். அதன் பிறகு வகுத்து வைத்த வான்தடங்கள், கட்டுப்பாட்டு எல்லைகள், இறங்குமிடத்தில் வரிசை. இந்தக் கூடுதல் தூரம் நீண்ட பயணத்தில் சில சதவீதம்தான். குறும்பயணத்தில் உறைக்கும். சென்னையின் பிரதான ஓடுபாதை 07/25, அதுவும் ஏறத்தாழக் கிழக்கு மேற்காகத்தான். தெற்கிலிருந்து போகும் விமானம் எந்தப் பக்கம் இறங்கினாலும் வளைந்துதான் இறங்க வேண்டும். 295 கி.மீ. பயணத்துக்கு ஒரு மணி நேரம் போடுவது இதனால்தான்.

நேரத்தை மதிப்பிடக் கடல் மைலை 450ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். 1,610 ÷ 450 என்றால் 3 மணி 35 நிமிடம், ஆக மொத்தம் 4 மணி 5 நிமிடம் போல. பயணச்சீட்டில் உள்ள நேரத்தோடு ஒப்பிடும்போது கடிகார வித்தியாசத்தை எடுக்க மறக்காதீர்கள். இரவு 1.00க்குத் திருச்சியில் ஏறி காலை 7.40க்குச் சாங்கியில் இறங்குகிறீர்கள் என்றால், 6.40இல் 2.30ஐக் கழிக்க 4 மணி 10 நிமிடம். துபாய்க்கு எதிர்ப்பக்கம், ஒன்றரை மணியைக் கூட்ட வேண்டும். தூரத்தில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்: திருச்சி–துபாய் 2,939 கி.மீ. கோலாலம்பூர் 2,689, கொழும்பு 419.

போகவர ஒரே தூரம், ஆனால் ஒரே நேரம் இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்றே காரணம். அதைப் பற்றி 1958இல் விரிவாக எழுதியவர் இந்திய வானிலையாளர் கோடீஸ்வரம். அதன் மையம் பயணிகள் விமானம் பறக்கும் உயரத்துக்கும் மேலே, என்றாலும் கீழேயும் கிழக்குக் காற்றே வீசும். அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று.

இடையில் இறங்கி மாறிப் போவதானால் ஒவ்வொரு துண்டையும் தனியாகப் போட்டுக் கூட்டுங்கள். கொழும்பு வழியாக சிங்கப்பூர் 419 + 2,749 = 3,168. சென்னை வழியாக 295 + 2,923 = 3,218. நேராகப் போவதை விடக் கொழும்பு வழி ஆறு சதவீதம்தான் கூடுதல், சென்னை வழியை விட 50 கி.மீ. குறைவு. சென்னை கிழக்கே இருந்தாலும் சென்னை–சிங்கப்பூர் திருச்சி–சிங்கப்பூரை விட 58 கி.மீ. மட்டுமே குறைவு. கும்பகோணத்துக்காரர் சென்னை போய் ஏறுவதற்குக் கட்டணமோ நேரமோ காரணமாகலாம், வான் தூரம் காரணமாகாது.

அலுவலகத்தில் கரிம உமிழ்வுக் கணக்குக்காக இந்த எண் கேட்டால், வெறும் பெருவட்டத் தூரத்தைக் கொடுக்காதீர்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கணிப்பான் 550 கி.மீ.க்குக் குறைந்த பயணத்துக்கு 50, 5,500 வரை 100, அதற்கு மேல் 125 கி.மீ. கூட்டுகிறது. ஐரோப்பிய உமிழ்வு வணிகத் திட்டம் எல்லாப் பயணத்துக்கும் 95 கூட்டுகிறது. முதல் முறைப்படி திருச்சி–சென்னை 345, திருச்சி–சிங்கப்பூர் 3,081. எந்த முறை என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே தாளைத் திறப்பவர் ஏன் 2,981 இல்லை என்று கேட்பார்.